எல்லைப்புறத்தில் இரண்டு இலச்சினைகள்

நமது வட்டத்து அங்கத்தினர் ஒருவர், நிலத்தின் பட்டா நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பையிலுள்ள காகிதத்தின் தலைப்பில் ஒரு கோபுரம் இருக்கிறது. அவர் எதிரே வந்து நிற்கும் கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்தின் பக்கவாட்டில் இரண்டு தலைகளையுடைய ஒரு பறவை இருக்கிறது. பட்டுக்கூட்டை ராமநகரம் சந்தைக்குக் கொண்டு செல்வோரும், சேலை விற்கப் பெங்களூர் செல்வோரும், காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் பார்த்த வண்ணமே வாழ்நாளைக் கழிக்கின்றனர். ஆயினும் அவை எதைக் குறிக்கின்றன, எங்கிருந்து வந்தன, அவற்றை யார் எடுத்தாளலாம் என்பவற்றை நம்மில் பெரும்பாலோர் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால், சங்கங்களை ஆய்வு செய்யும் வேலையிலுள்ள நானும் அண்மைக்காலம் வரை கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததனால் ஒரு சங்கத்துக்கு நஷ்டம் நேர்ந்தது. அதனாலேயே இக்கட்டுரையை எழுத நேர்ந்தது.

கேள்வி எழுந்த விதம்

இச்சரகத்திலுள்ள ஒரு நெசவாளர் சங்கத்தார், தங்கள் சேலைகளில் தைப்பதற்கென்று புதிய சீட்டு அச்சிடத் தீர்மானித்தனர். சீட்டின் நடுவில் தமிழ்நாடு அரசின் கோபுர இலச்சினையை வைத்து, கீழே சங்கத்தின் பெயரைச் சிறிய எழுத்தில் போட்டிருந்தனர். ஆய்வுக்குச் சென்றிருந்த என்னிடம் மாதிரியைக் காட்டினர். சங்கத்துக்குக் கௌரவமாக இருக்கிறதென்று எண்ணி, "நன்றாயிருக்கிறது" என்று சொல்லி வந்துவிட்டேன்.

சீட்டுகள் அச்சாகி வந்தபின் மகாசபை கூடிற்று. ஐம்பது ஆண்டுகளாகத் தறியில் அமர்ந்த பெரியவர் ஒருவர் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்தச் சேலையைச் சர்க்கார் நெய்ததா, நாங்கள் நெய்ததா?" என்று கேட்டார். சபையில் சிரிப்பு எழுந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. உடனே மற்றொருவர், "வாங்குகிறவர்களில் பாதிப்பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள். கோபுரம் போட்டால் அவர்கள் பறவையையும் போட்டுவிடலாமே" என்றார். மூன்றாமவர், "அது எந்த ஊர்க் கோபுரம்? நம்மூர்ப் பேட்டராய சுவாமி கோயில் கோபுரத்தைப் போட்டால் ஆகாதா?" என்று கேட்டார்.

மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் என்னால் அப்போது விடை கூற இயலவில்லை. அன்றிரவு சட்டப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் நான் "நன்றாயிருக்கிறது" என்றது எத்தகைய பிழை என்று விளங்கிற்று. அந்த மூன்று கேள்விகளுக்கும் உரிய விடைகளை இப்போது வரிசையாகக் கூறுகிறேன்.

முத்திரையின் பழைய வேலை

இலச்சினை என்பது அலங்காரத்துக்காகப் பிறந்ததன்று, பொறுப்பேற்பதற்காகப் பிறந்தது. சோழ மன்னர்கள் நிலதானம் அளித்தபோது அதன் விவரத்தைச் செப்பேடுகளில் பொறித்தார்கள். அவ்வேடுகளை ஒரு வளையத்தில் கோத்து, வளையத்தின் இரு முனைகளும் சேருமிடத்தில் அரச முத்திரையைப் பதித்தார்கள். வளையத்தை உடைக்காமல் ஓர் ஏட்டை உருவவோ புதிதாக நுழைக்கவோ முடியாது. முத்திரை முழுமையாக இருந்தால் ஏடுகளும் முழுமையாக உள்ளன என்பது பொருள். அம்முத்திரையில் சோழரின் புலி அமர்ந்திருக்கும். அருகில் பாண்டியரின் இரண்டு கயல்களும், சேரரின் வில்லும் இருக்கும். மூன்று நாடுகளும் ஓராணைக்குக் கீழ் வந்தன என்பதை எழுத்தறியாதவனும் பார்த்து அறிந்துகொள்ள அந்தச் சிறு வட்டம் போதுமானதாயிருந்தது.

ஆகவே முத்திரைக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, "இதை அளித்தவர் இன்னார்" என்று கூறுவது. மற்றொன்று, "இதில் பொய் நுழையவில்லை" என்று உறுதி சொல்வது. இவ்விரண்டையும் மனத்திற்கொண்டால் பின்னர் வருபவை எளிதில் விளங்கும். நமது சங்கத்தின் ரப்பர் முத்திரை செய்யும் வேலையும் இதுவே.

நாம் வாழும் இந்த மேட்டுநிலம் பல முத்திரைகளைக் கண்டது. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓய்சள மன்னன் ராமநாதன் நம் மாவட்டத்துக் குந்தாணியிலிருந்து ஆண்டான். ஓய்சளரின் சின்னம், வீரன் ஒருவன் சிங்கத்தோடு பொரும் உருவம். பின்னர் வராகச் சின்னத்தையுடைய விஜயநகர ஆட்சி வந்தது. அதன்பின் மைசூர் அரசு. புலியைத் தன் அடையாளமாகக் கொண்ட திப்பு சுல்தான். 1792-ல் பாராமகால் பகுதியும், 1799-ல் திப்பு வீழ்ந்தபின் ஓசூர், தேன்கனிக்கோட்டை அடங்கிய பாலாகாட்டுப் பகுதியும் ஆங்கிலக் கம்பெனியின் வசமாயின. சேலம் மாவட்டத்தில் இருந்த நாம் 1965-ல் தர்மபுரி மாவட்டத்தினர் ஆனோம். 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தினர் ஆனோம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது ஓசூர் வட்டம் சென்னை மாநிலத்திலேயே நிலைத்தது. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசப்படும் நம் ஊர்களில், எந்த முத்திரை "நம்முடையது" என்ற கேள்வி எழுவது இயற்கையே.

கோபுரம் கூறுவது

தமிழ்நாடு அரசின் இலச்சினை 1949-ல், சென்னை மாகாணமாக இருந்த காலத்தில், ஏற்கப்பட்டது. அதை வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ். வட்டத்தின் நடுவே ஒரு கோபுரம். அதன் முன்னே அசோகச் சக்கரவர்த்தியின் சிங்கத் தலைப்பு. இருபுறமும் தேசியக் கொடிகள். வட்டத்தைச் சுற்றி இன்று "தமிழ்நாடு அரசு" என்றும், கீழே "வாய்மையே வெல்லும்" என்றும் எழுதப்பட்டுள்ளன. வாசகத்தைத் தமிழில் பொறிக்கும் மாற்றம் 1967-ல் பதவியேற்ற சி. என். அண்ணாதுரை அவர்களின் ஆட்சிக் காலத்தில் வந்தது. மாநிலத்தின் பெயர் 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு என்றாயிற்று.

அது எந்தக் கோபுரம்? ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலின் பதினொரு நிலைகளும் 192 அடி உயரமும் கொண்ட இராஜகோபுரம் என்பதே பலரும் பள்ளியில் கற்றது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரமே ஓவியர் வரைந்தது என்று வாதிடுவோரும் உண்டு. இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது நமக்கு அவசியமன்று. இலச்சினையில் உள்ளது ஓர் ஊரின் கோபுரமாக மட்டும் நில்லாமல், தமிழ்நாட்டுக் கோபுரக் கலைக்கே பிரதிநிதியாக நிற்கிறது. ஆதலால் பேட்டராய சுவாமி கோயிலைக் குறிப்பிட்ட நம் அங்கத்தினருக்கு, அவ்வூர்க் கோபுரமும் இதில் அடங்கியதே என்று விடை கூறலாம்.

"சமயச் சார்பற்ற அரசுக்குக் கோயிற்கோபுரம் பொருந்துமா?" என்று கேட்போர் உண்டு. இக்கேள்விக்கு, கோபுரம் என்பது யாது என்று ஆராய்ந்தால் ஒரு விடை கிடைக்கும். கோபுரம் கருவறையன்று, வாயில். தெய்வம் உறைவது உள்ளே விமானத்தின் கீழ். வெளியுலகமும் கோயிலும் சந்திக்கும் இடத்தில் நிற்பது கோபுரம். அதன் அடிப்பகுதி கருங்கல். மேல் நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கல்தச்சர், கொத்தர், சுதை வேலை செய்வோர், சுண்ணாம்பு அரைப்போர், சாரம் கட்டுவோர் எனப் பல கைகள் சேராமல் அது எழும்பியிராது. தனியொருவன் கட்டக்கூடியதன்று என்பதில் அது நம் கூட்டுறவுத் தொழிலுக்கு உறவாகிறது.

இன்னொரு விஷயத்தையும் மறக்கலாகாது. பல தலைமுறைகளாகத் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் பலருக்குக் கோபுரம் என்பது எல்லைக்கல்லாகவே இருந்தது. தொலைவில் நின்று கும்பிடலாம். அதன் கீழே நடந்து உள்ளே போகலாகாது. 1939 ஜூலை 8-ஆம் நாள் மதுரையில் ஏ. வைத்தியநாத ஐயர் அவர்கள் அவ்வகுப்புச் சகோதரர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுள் புகுந்தார். 1947-ல் சென்னை ஆலயப் பிரவேச அனுமதிச் சட்டம் நிறைவேறி, மாகாணத்துக் கோயில்களின் கதவு எல்லா இந்துக்களுக்கும் திறந்தது. அதற்கு இரண்டே ஆண்டுகளுக்குப் பின் கோபுரம் அரசின் சின்னமாயிற்று. ஆகையால் அதை அடைக்கும் சுவராகப் பாராமல், எவரும் கடந்து செல்லக்கூடிய வாயிலாகப் பார்ப்பதே முறை. அப்படிப் பார்க்கும் உரிமை ஒருவர் கொடுத்து வந்ததன்று, போராடிப் பெற்றது.

இருதலைப் பறவை கூறுவது

கர்நாடகத்தாரின் இலச்சினையிலுள்ள பறவைக்குக் கண்டபேருண்டம் என்று பெயர். ஓருடலும் இரு தலைகளும் உடைய இது உலகில் உள்ள பறவையன்று, கற்பனைப் பறவை. யானையையும் அலகிலும் நகத்திலும் தூக்கிச் செல்லும் வலிமையுடையது என்பர். நரசிம்மத்தை அடக்கச் சரபமும், சரபத்தை அடக்கக் கண்டபேருண்டமும் தோன்றின என்று வைணவ மரபில் ஒரு கதை வழங்குகிறது.

இதன் பழமையைக் காட்ட இரண்டு சான்றுகள் போதும். இன்றைய சிவமொக்கா மாவட்டத்திலுள்ள பள்ளிகாவியில் 1047-ஆம் ஆண்டைச் சேர்ந்த கண்டபேருண்டத் தூண் ஒன்று இன்றும் நிற்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகர மன்னர் அச்சுததேவராயர் வெளியிட்ட பொற்காசுகளில், யானைகளைப் பற்றித் தூக்கும் நிலையில் இப்பறவை காணப்படுகிறது. பின்னர் மைசூர் உடையார்கள் இதைத் தம் அரசச் சின்னமாக்கினர். மன்னராட்சி மறைந்தும் சின்னம் மறையவில்லை. மைசூர் மாநிலம் அதை ஏற்றது. 1973 நவம்பர் 1 முதல் கர்நாடகம் என்று பெயர் பெற்ற மாநிலத்திலும் அது தொடர்கிறது.

இன்றைய வடிவில், சிவப்புக் கேடயத்தின் நடுவே வெண்ணிறப் பறவை நிற்கிறது. இருபுறமும் சிங்கமும் யானையும் கலந்த விலங்குகள் கேடயத்தைத் தாங்குகின்றன. இவை நமக்குப் புதியவையல்ல. நம் கோயில் மண்டபத் தூண்களில் யாளி என்று நாம் அழைக்கும் விலங்கின் உறவினர்தாம் இவை. கல்லில் உளி பிடித்தவனின் கற்பனை மாநில எல்லையைப் பார்த்து நின்றுவிடவில்லை என்பது இதனால் தெரிகிறது.

மைசூர் அரசர்களின் சின்னத்தில் இருந்த வாசகம் அச்சமின்மையைக் கூறிற்று. அது அரசனுக்குரிய குணம். இன்றைய கர்நாடக இலச்சினையின் அடியில் இருப்பதோ வேறு வாசகம்: "சத்யமேவ ஜயதே".

இரண்டுக்கும் பொதுவானது

இப்போது இரண்டு இலச்சினைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் கோபுரம், மற்றொன்றில் பறவை, இது வேற்றுமை. ஆனால் கோபுரத்தின் முன்னே சிங்கத் தலைப்பு நிற்கிறது. பறவைக் கேடயத்தின் உச்சியிலும் அதே சிங்கத் தலைப்பு நிற்கிறது. சாரநாத்தில் கிறிஸ்து பிறப்பதற்கு முன் 3-ஆம் நூற்றாண்டில் அசோகர் நிறுத்திய தூணின் தலைப்பு அது. நான்கு சிங்கங்கள் முதுகோடு முதுகு சேர்த்து நான்கு திசைகளையும் நோக்குகின்றன. படத்தில் மூன்று மட்டுமே தெரியும். கீழே நடுவில் தருமச் சக்கரம், அதன் ஒருபுறம் எருது, மறுபுறம் குதிரை. 1950 ஜனவரி 26-ல் இது இந்தியக் குடியரசின் இலச்சினையாயிற்று. அதே நாளில் கவர்னர் ஜெனரல் என்ற பதவி முடிவுற்றது. அப்பதவியை இறுதியாக வகித்து விடைபெற்றவர் நம் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த இராஜாஜி அவர்கள் என்பது நம் பகுதியார் நினைவிற் கொள்ளத்தக்கது.

வாசகத்தையும் நோக்குங்கள். முண்டக உபநிஷத்திலிருந்து எடுக்கப்பட்ட "சத்யமேவ ஜயதே" என்பதன் பொருளே நம்முடைய "வாய்மையே வெல்லும்". அத்திபெள்ளிச் சோதனைச் சாவடிக்கு இப்புறமும் அப்புறமும் அரசாங்கம் தன் மக்களுக்கு இரு மொழிகளில் ஒரே வாக்கைத்தான் கொடுத்திருக்கிறது. கோபுரமும் பறவையும் அந்தந்த நாட்டின் பழமையைச் சொல்பவை. சிங்கமும் வாசகமும் இன்று அரசு ஏற்றுக்கொண்ட கடமையைச் சொல்பவை. அந்தப் பக்கத்தாருக்கெனப் பறவையைப் போடலாமே என்ற அங்கத்தினருக்கு என் விடை இது: இரண்டில் எதைப் போட்டாலும், நாம் கொடுக்காத ஒரு வாக்கைப் பிறர் பெயரால் கொடுத்தவர்களாவோம்.

சட்டம் விதிப்பது

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். 1950-ஆம் ஆண்டின் இலச்சினைகள் மற்றும் பெயர்கள் (முறையற்ற பயன்பாட்டுத் தடுப்பு) சட்டம், மத்திய அரசு அல்லது எந்த மாநில அரசின் பெயரையோ இலச்சினையையோ முத்திரையையோ வணிகத்துக்கும் வர்த்தகக் குறிக்கும் அனுமதியின்றிப் பயன்படுத்தலாகாது என்கிறது. 2005-ல் இந்திய அரசு இலச்சினைக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2007-ல் ஏற்பட்டன. சிங்கத் தலைப்பை மாநில அரசு தன் இலச்சினையில் சேர்த்துக்கொள்ள அவ்விதிகள் இடமளிக்கின்றன, தனியாருக்கு இடமளிக்கவில்லை. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

"நம் சங்கம் அரசாங்க உதவி பெறுகிறதே, ஆய்வாளர் வருகிறாரே, அப்படியிருக்க நமக்கும் உரிமை இல்லையா?" என்று சிலர் கேட்டனர். இல்லை. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி, பதிவு பெற்ற சங்கம் சட்டத்தின் கண்ணில் ஒரு தனி ஆள் போன்றது. அங்கத்தினர் மாறினாலும் அது தொடர்ந்து இருக்கும். அதற்கென ஒரு பொது முத்திரை உண்டு. சர்க்காரின் உதவி பெறுவது வேறு. சர்க்காராக இருப்பது வேறு. மேலும், கோபுர இலச்சினையைக் கண்டு சேலை வாங்கும் ஒருவர், அரசாங்கமே அதன் தரத்துக்கு ஜாமீன் நிற்கிறதென்று நம்புவார். சாயம் போனால் அவர் எந்தக் கதவைத் தட்டுவார்? வாய்மையே வெல்லும் என்ற வாசகத்தை அச்சடித்த சீட்டே உண்மைக்கு மாறானதாகிவிடும். பெரியவர் கேட்டது இதைத்தான். சட்டப் புத்தகம் பாராமலே அவர் சட்டத்தின் உட்பொருளைச் சொல்லிவிட்டார்.

நமக்கென ஒரு முத்திரை

அந்தச் சீட்டுகள் அனைத்தும் தைக்கப்படாமலே அழிக்கப்பட்டன. அச்சுச் செலவு சங்கத்தின் நஷ்டமாயிற்று. மாதிரியை நான் பார்த்தும் தடுக்கவில்லை என்பதை அடுத்த கூட்டத்தில் சொல்லி, ஆய்வுக் குறிப்பிலும் எழுதினேன். அங்கத்தினர் சிலர் வருந்தினர், அவ்வருத்தம் நியாயமானதே. அவர்களது கூலியிலிருந்து சேர்ந்த பணம் அது.

பின்னர் சங்கத்தார் எளிய சீட்டு ஒன்றை அமைத்தனர். நாடா ஒன்றும் மல்பெரி இலை ஒன்றும் அதில் உள்ளன. சங்கத்தின் முழுப்பெயர், பதிவு எண், ஊர் ஆகியவை தெளிவான எழுத்தில் உள்ளன. நெய்த தறியின் எண்ணும் கையால் எழுதப்படுகிறது. சேலையில் குறை கண்டவர் எந்தத் தறியிலிருந்து வந்தது என்று கேட்டு வரமுடியும். சோழர் செப்பேட்டு வளையம் செய்த வேலையை இந்தச் சிறு சீட்டு செய்கிறது என்றால் மிகையாகாது.

தரத்துக்கு வெளியிலிருந்து ஓர் உறுதி வேண்டுமென்றால் அதற்கும் முறையான வழிகள் உள்ளன. தூய இயற்கைப் பட்டு என்பதற்கு மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-ல் தொடங்கிய பட்டு முத்திரை இருக்கிறது. கைத்தறியில் நெய்தது என்பதற்கு 2006-ல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறது. இவற்றை விண்ணப்பித்துச் சோதனைக்கு உட்பட்டுத்தான் பெறமுடியும். கேட்காமல் எடுத்துக்கொண்ட கோபுரத்தைவிட, கேட்டுப் பெற்ற சிறு குறி சங்கத்துக்கு அதிக மதிப்பைத் தரும்.

அங்கத்தினர்கள் செய்யவேண்டியவை சில. உங்கள் சங்கத்தின் கடிதத்தாள், ரசீது, பெயர்ப்பலகை, சேலைச் சீட்டு, கூடு அனுப்பும் பைகள் ஆகியவற்றை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கோபுரமோ, சிங்கத் தலைப்போ, கண்டபேருண்டமோ இருந்தால் காரியதரிசியிடம் தெரிவித்து நீக்கச் செய்யுங்கள். புதிதாக அச்சிடுமுன் மாதிரியை நிர்வாக சபையில் வைத்துத் தீர்மானம் பதியுங்கள். ஆய்வாளர் "நன்றாயிருக்கிறது" என்றால் அதோடு விட்டுவிடாமல், "எந்த விதிப்படி?" என்று கேளுங்கள். அக்கேள்வியால் எங்களுக்கு மனவருத்தம் நேராது.

ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வாரத்தில் நாம் ஏழு வண்ணக் கொடியை ஏற்றுகிறோம். வானவில்லின் ஏழு நிறங்களையுடைய அக்கொடியைச் சர்வதேசக் கூட்டுறவு இயக்கம் 1925-ல் தன்னுடையதாக ஏற்றது. நிறங்கள் வேறுபட்டாலும் ஒளி ஒன்று என்பது அதன் கருத்து. மூன்று மொழி பேசும் நம் எல்லைப்புறச் சங்கங்களுக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் தேட வேண்டியதில்லை. வருகிற கூட்டுறவு வாரத்தில் கொடியேற்றும்போது, நம் சங்கத்தின் முத்திரை விழுந்த ஒவ்வொரு முழத் துணிக்கும் ஒவ்வொரு கிலோ கூட்டுக்கும் நாமே பொறுப்பு என்று ஒவ்வொரு சங்கத்தாரும் தங்கள் மகாசபையில் கூறிக்கொள்வார்களாக.